சுவருக்கு முன்னே வந்த கேட்

கிரில் பட்டறைக்காரன் நாவல் படிக்கிறான் என்றால் கோவில்பட்டியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தால்தான் விசாரணை வரும். முதலில் கேட்டது என் வீட்டுக்காரி. "வேதப்புஸ்தகத்தை எடுத்தா கொட்டாவி வருது, இதை எடுத்தா மட்டும் பல்லு தெரியுதோ?" என்றாள். அடுத்து கேட்டவர் எதிரே டீக்கடை வைத்திருப்பவர். டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அண்ணாச்சி, வெல்டிங் புகை மண்டைக்கு ஏறிட்டுன்னா இளநி குடிக்கணும். புஸ்தகம் படிக்கப்படாது" என்றார்.

இவர்களுக்கெல்லாம் அந்தந்த நேரத்தில் வாயால் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். எதற்காக அந்த நாவல் எழுதின மனுசரைப் படிக்கிறேன் என்று ஒருதரம் உட்கார்ந்து ஒழுங்காகச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. சொல்லப்போனால் அதில் பாதி, ஆட்டுக் கதையாகத்தான் இருக்கும்.

அவரை நான் கண்டுபிடித்தது பழைய இரும்புக் கடையில். பட்டறைக்கு ஆங்கிள் துண்டு பொறுக்க அங்கே போவேன். ஒரு ஓரத்தில் பழைய பேப்பரும் எடை போடுவார்கள். அங்கே கிடந்த புத்தகத்துக்கு அட்டை இல்லை, முன்பக்கத் தாள்களும் இல்லை. எழுதினது யார், தமிழில் கொண்டுவந்தது யார், ஒன்றும் தெரியாமலே படித்தேன். அப்புறம் பேரை விசாரித்து மற்றப் புத்தகங்களையும் தேடிப் பிடித்துவிட்டேன் என்றாலும், பேர் தெரியாமல் படித்ததில் ஒரு சுகம் இருந்தது. அதனால் இங்கேயும் பேரை விட்டுவிடுகிறேன். பனி பெய்கிற ஏதோ தேசத்துக்காரர் என்பது மட்டும் கதையைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டு சூப்பு குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் படிக்க ஆரம்பித்த பக்கத்திலேயே ஒரு குமாஸ்தா, எதிரே நிற்கிறவனை நிமிர்ந்து பார்க்காமல், "நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள், ஆனால் தவறான ஜன்னலில் நிற்கிறீர்கள்" என்கிறான். அங்கே இருந்ததே ஒரே ஒரு ஜன்னல். நான் இரும்புத் துண்டுகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இவர் நம்ம பக்கத்து ஆபீஸ் எதிலோ வந்து நின்றிருக்கிறார் என்று பட்டது.

கதை இதுதான். ஆள் இல்லாத ஒரு கிரகத்தில் குடியேறப் போகிறார்கள். ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பத் திட்டம். முதல் கப்பலில் ஜனங்களோடு ஒரு கேட்டும் ஒரு காவலாளியும் வந்து இறங்குகிறார்கள். சுவர் அடுத்த கப்பலில் வரவேண்டும். அந்தக் கப்பல் வரவே இல்லை. அதற்காக, கேட் வழியாகத்தான் ஊருக்குள் போகணும் என்கிற விதியை விட்டுவிட முடியுமா? பொட்டல் வெளியில் கேட் தன்னந்தனியாக நிற்கிறது. ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் மண். ஜனங்கள் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். வரிசையிலேயே பெண் பார்க்கிறார்கள், வரிசையிலேயே கல்யாணம் நடக்கிறது. ஒருநாள் காற்றில் பறந்துபோன தொப்பியைப் பிடிக்க ஒரு பெண் ஓடுகிறாள். ஓடின வேகத்தில் கேட்டைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விடுகிறாள். உடனே கமிஷன் உட்காருகிறது. அவள் ஊருக்குள் வந்தவளா, வராதவளா? தீர்ப்பு வரும்வரை அவளுக்கு உள்ளேயும் சாப்பாடு கிடையாது, வெளியேயும் கிடையாது. அந்தக் காவலாளிதான் தன்னுடைய ரொட்டியைப் பிட்டு அவளுக்குக் கொடுக்கிறான். அதையும், கேட் கம்பிக்கு நடுவே கையை விட்டுத்தான் கொடுக்கிறான்.

கேட் செய்து பிழைக்கிறவன் இதைப் படித்துச் சிரிக்காமல் இருப்பானா? நானே எத்தனையோ பேருக்கு அப்படிக் கேட் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு அஸ்திவாரம்கூடப் போட்டிருக்க மாட்டார்கள், கேட்டில் மயில் வைக்கணும் என்பார்கள்.

விஞ்ஞானக் கதை என்றால் ராக்கெட், வேற்றுக்கிரகம், மின்னல் துப்பாக்கி என்று நினைத்துத்தான் பலபேர் இவரை ஒதுக்கிவிடுகிறார்கள். இவருடைய ராக்கெட்டுக்கு அரைப் பக்கம்தான். அதில் ஏறுவதற்கு நிற்கிறவர்களின் பேச்சுதான் அத்தியாயம் அத்தியாயமாகப் போகும். அந்தப் பேச்சு எனக்குப் புதுசு இல்லை. எட்டயபுரம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், "உள்ள போங்க, உள்ள எடம் இல்லாட்டியும் உள்ள போங்க" என்பார். கயத்தாறு ரோட்டில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் சொன்னார்: "போனுல பேசுத அந்தம்மா எடது பக்கம் திரும்புங்கன்னாவ. திரும்பிட்டேன். எல்லாம் சரியாத்தான் இருந்திச்சு, ரோடு மட்டும்தான் இல்ல." இவர்கள் ரெண்டு பேரையும் உட்காரவைத்து எழுதச் சொன்னால் அந்தப் பனி தேசத்துக்காரர் மாதிரியேதான் எழுதுவார்கள். முகத்தில் சிரிப்பு இருக்காது. நமக்குத்தான் விலா நோகும்.

குறை இல்லாத ஆள் இல்லை அவர். காதல் காட்சி எழுதினால் மோட்டார் ரிப்பேர் புத்தகம் மாதிரி இருக்கும். கதையை முடிக்கும்போது கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஓடுவார். இருந்தாலும் ஒரு விஷயத்துக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். அவர் விதியைத்தான் கிண்டல் பண்ணுவார், விதிக்குள் மாட்டிக்கொண்டவனைக் கிண்டல் பண்ணமாட்டார். அந்தக் காவலாளியைப் பாருங்கள். முட்டாளாகக் காட்டியிருக்கலாம். ரொட்டி கொடுக்க வைத்தார். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு என்பது எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை. ஒரு செம்மறி மந்தையால்தான் விளங்கியது.

மந்தைக்குச் சொந்தக்காரி எனக்கு மயினி முறை. ரத்த சொந்தம் இல்லை, ஜாதி வேற, சாமி வேற. அவள் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன், அதனால் அவள் மயினி. அண்ணாச்சி மில் வேன் ஓட்டுகிறார். ஆடு முழுக்க மயினி பொறுப்பு. மத்தியான வெயிலுக்கு மந்தை என் பட்டறைக்குப் பின்னால் வேப்பமரங்களின் அடியில் படுக்கும். மயினி உள்ளே வந்து தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, பழைய கிரில் சட்டம் ஒன்றின்மேல் உட்கார்ந்துகொள்வாள்.

கரண்டு போனால் எனக்கு வெல்டிங் நின்றுவிடும். அப்போதுதான் புத்தகத்தை எடுப்பேன். சுற்றிலும் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்கும், நடுவில் நாங்கள் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருப்போம். "படிக்க எனக்கு நேரமில்ல. நீரு சத்தமாப் படியும், கேக்க நேரமிருக்கு" என்பாள் மயினி. கேட் கதையை அப்படித்தான் அவளுக்குப் படித்தேன். தொப்பிக்காரப் பெண் சுற்றிக்கொண்டு போன இடம் வந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏன் கொழுந்தனாரே, ஒரு ஆட்டை அங்கன விட்டிருந்தா முத நாளே சுத்திப் போயிருக்குமே. மனுசனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்."

இந்த நேரத்தில்தான் ஊருக்குக் கிழக்கே சோலார் கம்பெனி வந்தது. மழை பார்த்து உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்த கரிசல் காட்டை ஒரே துண்டாக வளைத்தார்கள். வேலிக்கு ரெண்டு பெரிய கேட், மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. வேலை என் பட்டறைக்கு வந்தது. நல்ல வேலை. கரிசலில் கேட் தூண் நிறுத்துவது லேசில்லை. மழைக்கு மண் உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், ஒரே வருசத்தில் கேட் குடிகாரன் மாதிரி சாய்ந்து நிற்கும். அடியில் சுக்கான்பாறை தட்டும்வரை தோண்டித்தான் நிறுத்தணும். அதை யோசித்துக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தேன்.

மயினி வந்து கேட் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். "இது எங்கன நிக்கப்போவுது?"

சொன்னேன்.

சட்டத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "அது வழியாத்தான நான் கம்மாய்க்குப் போறேன்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காட்டுக்கு அந்தப் பக்கம்தான் கண்மாய். கோடையிலும் கொஞ்சம் தண்ணி கிடக்கும் இடம் அது ஒன்றுதான். வேலியைச் சுற்றிப் போகணும் என்றால் நாலுவழிச் சாலையைத் தாண்டி, திரும்பவும் தாண்டி வரணும். சினையாட்டையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே தினமும் அது நடக்கிற காரியம் இல்லை. கம்பெனியில் போய்க் கேட்டாள். வரைபடத்தில் பாதை இல்லை, மேலே சொல்கிறோம் என்றார்கள். வீட்டில் அண்ணாச்சியும் பிள்ளைகளும், மந்தையை விற்றுவிடலாம் என்று பேச்செடுத்துவிட்டார்கள்.

"வித்துட்டு?" என்றேன்.

"அதான் நானும் கேட்டேன். வித்துட்டு நான் என்ன டிவியவா மேய்க்க?" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள், ஆனால் சிரிப்பு வரவில்லை.

கேட் அளவு பார்க்க சைட் என்ஜினியர் ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர், சொல்லுக்குச் சொல் 'ங்க' போடுகிறவர். அவர் உட்கார்ந்ததும் கரண்டு போய்விட்டது. "கரண்டு கம்பெனிக்காரவிய வந்தா கரண்டுக்கே பயமா இருக்கும்போல" என்றாள் மயினி. அவருக்கு வெட்கமாகிவிட்டது. இனி மயினி சண்டைக்குப் போவாள் என்று நான் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக நின்றேன். அவள் குரல் உயரவே இல்லை.

"தம்பி, மழைக்கு அந்த வேலிக்குள்ள புல்லு இடுப்புக்கு வளருமே. என்ன செய்வீய?"

அவர் பெருமூச்சு விட்டார். "அதுதானுங்க அக்கா தலைவலி. போன சைட்டுல மெஷின் வெச்சு வெட்டினோம், கல்லு தெறிச்சுப் பேனல் உடைஞ்சு போச்சு. மருந்து அடிக்கக் கூடாதுன்னு மேலே சொல்றாங்க. ஆள் போட்டா இந்த வெயிலுக்கு நிக்கறதில்லீங்க."

மயினி வேப்பமரத்துப் பக்கம் தாடையைக் காட்டினாள். "அந்தா படுத்திருக்காவள்ளா, அவிய நிப்பாவ. குனிஞ்ச தலை நிமிராம வெட்டுவாவ. சம்பளம் வேண்டாம். மேக்குக் கேட்டு வழியா உள்ள விடணும், கிழக்குக் கேட்டு வழியா கம்மாய்க்கு விடணும். அவ்வளவுதான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "சைட்டுக்குள்ள வந்தா ஹெல்மெட் போடோணுங்களே அக்கா."

"அதுகளுக்குப் பொறக்கும்போதே மண்டை கெட்டி."

"சேஃப்டி ஷூ?"

"நாலு காலுக்கும் இருக்கு. தேஞ்சா நீங்க வாங்கித்தர வேண்டாம்."

"மெடிக்கல் ஃபிட்னஸ் கேப்பாங்க."

"மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா இப்பத்தான் ஊசி போட்டுட்டுப் போனாவ. அவியகிட்ட எழுதி வாங்கிருவோம்."

"டிரெயினிங் ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். தான் என்ன கேட்கிறோம் என்பது அவருக்கே காதில் விழுந்துவிட்டது. ஸ்டூலை விட்டு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "நான் மேலே கேட்டுப் பார்க்கறனுங்க" என்றார். போன தடவை கம்பெனியில் சொன்ன அதே 'மேலே'தான். ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே கேட்டார்.

அவர் போனபிறகு மயினியிடம், "சண்டை போடுவீகன்னு பார்த்தேன்" என்றேன்.

"அவன் மேல கோவப்பட்டு என்ன செய்ய? அவனும் உம்ம புஸ்தகத்துல வார காவக்காரன் மாதிரி கம்பிக்கு உள்ளதான நிக்கான்" என்றாள்.

ஒரு நாவலாசிரியரைப் பற்றி இதைவிட நல்ல மதிப்புரையை நான் எங்கேயும் படித்ததில்லை.

மேலேயிருந்து பதில் வந்தது. வெளிநாட்டில் சில இடங்களில் பேனலுக்கு அடியில் செம்மறி மேய்க்கிறார்களாம். ஒருநாள் சோதனை பார்க்கலாம், வீடியோ எடுத்து அனுப்பணும், சரியாக வந்தால் அனுமதி. ஒரு நிபந்தனை: வெள்ளாடு கூடாது. பேனல்மேல் ஏறும், ஒயரைக் கடிக்கும். நியாயமான பயம்தான். மயினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

சோதனை அன்று காலையில் நானும் போனேன். என் கேட் அல்லவா. போய்ப் பார்த்தால், வேலிக்கம்பி ஏற்றிவந்த லாரி எங்கேயோ நின்றுபோய் இன்னும் வந்து சேரவில்லை. கல்தூண்கூட ஒரு பக்கம்தான் நட்டிருந்தார்கள். கரிசல் வெளியில் நான் செய்த மேற்குக் கேட் புதுப் பெயிண்டோடு தனியாக நின்றது. பக்கத்தில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு செக்யூரிட்டி. மயினி என்னைப் பார்த்தாள். "கொழுந்தனாரே, உம்ம ஆளு இங்கன வந்து பார்த்துட்டுப் போயித்தான் எழுதினாரோ?"

செக்யூரிட்டி கேட்டைத் திறந்தார். என்ஜினியர் போனைத் தூக்கிப் பிடித்தார். மந்தை வந்தது. கேட் உருளுகிற இரும்புத் தண்டவாளம் தரையில் பளபளவென்று கிடந்தது. முதல் ஆடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றது. அடுத்தது அதன் வயிற்றுக்கு அடியில் தலையைக் கொடுத்து நின்றது. மொத்த மந்தையும் ஒரு கம்பளி மூட்டையாக நின்றுவிட்டது. மயினி உள்ளே போய் நின்று கூப்பிட்டாள், நாக்கைச் சப்புக்கொட்டினாள், அகத்திக் கொப்பை ஆட்டிக் காட்டினாள். எல்லாம் மரியாதையாக அவளைப் பார்த்தன. ஒன்றும் காலை எடுத்து வைக்கவில்லை.

சுற்றிப் போகச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்குத் தோன்றவில்லை. கேட் வழியாகப் போவதுதானே சோதனை. புத்தகத்தில் படித்துச் சிரித்த அதே நாங்கள்தான், திறந்த வெளியில் நின்றுகொண்டு ஆடுகளைக் கேட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தோம்.

மயினி என் பக்கத்தில் வந்தாள். "வெள்ளாடு முன்ன போனாத்தான் இதுக பின்ன போகும். எந்த மந்தையிலயும் அதான் வழக்கம். எனக்குத் தெரியும். சொன்னா அப்பவே வேண்டாம்னுருவானேன்னு வாயத் தொறக்கல. நான் முன்ன போனா வரும்னு நெனச்சேன்."

அவள் மெல்லத்தான் சொன்னாள், ஆனால் என்ஜினியருக்குக் கேட்டுவிட்டது. போனைக் கீழே இறக்கினார். 'சோதனை சரிவரவில்லை' என்று ஒரு வரி அனுப்பினால் அவர் வேலை முடிந்தது. மயினியின் மந்தையும் முடிந்தது. அவர் அனுப்பவில்லை. மேலேயிருந்து நிபந்தனையோடு வந்த தகவலைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"ஏனுங்க அண்ணா," என்றார் என்னிடம், "மேய்ச்சலுக்கு வெள்ளாட்டை விடக் கூடாதுன்னுதானுங்க போட்டிருக்கு. விசிட்டரைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே."

"விசிட்டரா?"

"விசிட்டர் வரலாமுங்க. கூடவே ஒருத்தர் இருக்கோணும். எதையும் தொடக் கூடாது. மேய்ச்சல் முடிஞ்சு போகும்போது கூட்டிட்டுப் போயிடோணும்."

நிபந்தனைக்காக மயினி பட்டறைக்குப் பின்னால் கட்டிவிட்டு வந்திருந்த வெள்ளாட்டுக் கிடாயை என் மொபெட்டில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் என் காதில் கத்திக்கொண்டே வந்தது. செக்யூரிட்டி ரொம்ப முறைப்படி நடக்கிற ஆள். கார்டு இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்று சொல்லி, விசிட்டர் கார்டை அதன் கழுத்தில் மாட்டிவிட்டார். மயினி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கிடா தண்டவாளத்தை ஒருதரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை, ஒரே தாண்டல். அடுத்த நிமிசம், அடைத்த வாய்க்கால் உடைத்துக்கொண்டது மாதிரி மந்தை கேட்டுக்குள் பாய்ந்தது. வீடியோவில் அந்த இடத்தில் படம் ஆடும். என்ஜினியர் சந்தோசத்தில் கையை ஆட்டிவிட்டார்.

அனுமதி வந்துவிட்டது. அந்த வாரமே அவர் கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். போகும்போது அட்டையில்லாப் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை. போன் போட்டால், "அண்ணா, எங்க ஆபீஸைப் பத்தித்தானுங்க எழுதியிருக்காரு" என்கிறார். இருக்கட்டும். இப்போது பட்டறையில் வேறு ஒரு புத்தகம் ஓடுகிறது. காற்றுக்கு மீட்டர் மாட்டுகிற கதை. மயினி அதை இப்போதே சிரித்துக் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்கிறாள்.

வேலிக்கம்பியும் வந்து இறங்கிக் கட்டி முடித்தாயிற்று. விசிட்டர் கார்டு ஒருநாளுக்குத்தான் செல்லும் என்பதால் கிடாய்க்குக் காலையில் புதுசாகப் போடுகிறார்கள். செக்யூரிட்டி வழக்கப்படி, யாரைப் பார்க்க, என்ன காரியமாக என்று கேட்டாகணும். மயினி ஒருநாள் சொன்னதை மறுநாள் சொல்வதில்லை. கல்யாணப் பேச்சு என்பாள், சொத்து விசாரணை என்பாள், கம்பெனிக்குப் புது மேனேஜர் இவியதான் என்பாள்.

போன வாரம் கேட்டுக்கு எண்ணெய் போடப் போயிருந்தேன். வெயில் அதற்குள் ஏறிவிட்டது, குட்டிகள் நாக்கைத் தொங்கப் போட்டிருந்தன.

"இன்னைக்கு என்ன காரியமா வந்திருக்காவ?" என்றார் செக்யூரிட்டி.

"தண்ணி குடிக்க" என்றாள் மயினி. "கேட்டைத் தொறயும்."